அண்டேல்: டேனிய வீட்டையும் தொழுவத்தையும் மாற்றிய சொல்லுக்குத் தமிழ் என்ன?

டென்மார்க்கைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'அண்டேல்' என்ற டேனியச் சொல் வந்தால் 'பங்கு' என்றோ 'கூட்டுறவு' என்றோ போட்டுவிடுகிறார்கள். பங்கு என்றதும் நமக்குப் பங்குச் சந்தை நினைவுக்கு வரும். கூட்டுறவு என்றால் பயிர்க்கடன், ரேஷன் கடை, பதிவாளர் அலுவலகம். அண்டேல் இந்த இரண்டு இடத்திலும் இல்லை.

'டேல்' என்றால் பகுதி, கூறு. 'அன்' என்னும் முன்னொட்டோடு சேர்ந்து ஒருவரைச் சார்ந்த கூறு என்று பொருள் தருகிறது. ஜெர்மன் மொழியின் 'அன்டைல்' இதன் உறவுச்சொல். டேனிய மொழிக்கு இது வட ஜெர்மனி வணிகர்கள் பேசிய கீழ் ஜெர்மன் மொழி வழியாக வந்தது. தமிழில் 'பால்' என்ற சொல்லுக்கும் பகுதி என்ற பொருள் உண்டு. அண்டேல் புகழ்பெற்றதும் பாலால்தான் என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

1870-களில் அமெரிக்க, ரஷ்யத் தானியம் ஐரோப்பாவில் மலிவாக வந்து இறங்கியது. தானியம் விற்றுப் பிழைத்த டேனிய விவசாயிகள் கால்நடைக்குத் திரும்பினார்கள். ஆனால் வெண்ணெயில் ஒரு சிக்கல் இருந்தது. ஜமீன் பண்ணை வெண்ணெய்க்கு இங்கிலாந்தில் நல்ல விலை. சிறு விவசாயி வீட்டு வெண்ணெய்க்குக் குறைந்த விலை. வீட்டுக்கு வீடு தரம் மாறியதுதான் காரணம். பல வீட்டுப் பாலை ஒன்றாகச் சேர்க்கலாம் என்றால், அன்றைய முறையில் பாலை அகலமான பாத்திரத்தில் ஒரு நாளுக்கு மேல் அசையாமல் வைத்தால்தான் ஆடை மேலே வரும். வண்டியில் குலுங்கி வந்த பாலில் அது சரியாக நடக்காது. 1878-ஐ ஒட்டி, பாலைத் தொடர்ந்து சுழற்றி ஆடையைப் பிரிக்கும் செப்பரேட்டர் என்ற எந்திரம் வந்ததும் அந்தத் தடை விலகியது. எந்திரம் ஒரு விவசாயியால் வாங்க முடியாத விலை. ஊர் சேர்ந்தால் முடியும்.

1882-இல் டென்மார்க்கின் தீபகற்பப் பகுதியான யூட்லாந்தின் மேற்கில், ஹியெடிங் என்ற ஊரில் முதல் அண்டேல் பாலகம், அதாவது ஊர்ப் பாலைச் சேர்த்து வெண்ணெய் எடுக்கும் சங்கக் கூடம், திறந்தது. அதன் விதிகள் பின்னால் வந்தவற்றுக்கு முன்மாதிரியாயின. வீட்டுத் தேவை போக எல்லாப் பாலையும் சங்கத்துக்கே ஊற்ற வேண்டும். விலை கூடுதலாகக் கிடைக்கிறது என்று வெளியே விற்கக் கூடாது. கட்டடத்துக்கும் எந்திரத்துக்கும் வாங்கிய கடனுக்கு உறுப்பினர் எல்லோரும் கூட்டாகப் பொறுப்பு. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் ஆடை நீக்கிய பால் அவரவர் கேனில் திரும்பிப் போகும். அது பன்றிக்குத் தீனி. ஒரு கிலோ வெண்ணெய்க்குச் சுமார் 25 கிலோ பால் வேண்டும் என்பதால், திரும்பிப் போவதும் பெரிய அளவுதான். ஆண்டு முடிவில் உபரியை ஊற்றிய பாலின் அளவுப்படி பிரிப்பார்கள்.

ஓட்டு மட்டும் அளவுப்படி இல்லை. மூன்று மாடு வைத்திருப்பவருக்கும் முப்பது மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. இதைக் குறிக்க டேனியர்களிடம் ஒரு வழக்கு உண்டு: 'தலையை எண்ணி ஓட்டு, மாட்டை எண்ணி அல்ல.' அவர்கள் மொழியில் தலைகளுக்கும் மாடுகளுக்கும் உள்ள சொற்களில் ஓர் உயிரெழுத்து மட்டுமே வேறு. மாடு என்றாலே செல்வம் என்றும் பொருள் சொல்லும் தமிழில் இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

பிழைகளும் வந்தன. எடையைப் பார்த்துப் பணம் கொடுத்ததால் நீர் கலந்தவருக்கும் கெட்டியான பால் ஊற்றியவருக்கும் ஒரே விலை. டேனியப் பால்துறை ஆய்வாளர் என். ஜே. ஃபியோர்ட் உருவாக்கிய சோதனைச் சுழலி இதைத் தீர்த்தது: ஒவ்வொருவர் பாலிலும் சிறிது எடுத்துக் கண்ணாடிக் குழாயில் சுழற்றி, மேலே நிற்கும் ஆடையின் உயரத்தை அளந்து, கொழுப்புக்குப் பணம் கொடுத்தார்கள். இரண்டாவது பிழை இன்னும் கொடியது. எல்லார் பாலும் கலந்து திரும்பியதால் ஒரு தொழுவத்தின் காசநோய் ஊர் முழுதும் கன்றுக்கும் பன்றிக்கும் பரவியது. தீனியாகத் திரும்பும் பாலை 85 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்று 1898-இல் சட்டம் வந்தது.

வீட்டு வாழ்க்கையும் மாறியது. வெண்ணெய் கடைவது அதுவரை பெண்கள் கைவேலை. பாலகத்தில் அது பயிற்சி பெற்ற ஆண்களின் தொழிலாயிற்று. இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது எங்கள் எண்ணம். 1887-இல் ஹோர்சென்ஸ் நகரில் அண்டேல் பன்றி இறைச்சிக்கூடம் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் பாலகங்கள் ஆயிரத்தைத் தாண்டின.

இன்று கோபன்ஹேகனில் இந்தச் சொல்லை அதிகம் கேட்பது வீட்டு விஷயத்தில். 'அண்டேல்ஸ்போலி' என்ற வீட்டில் குடியிருப்பவர் அந்த வீட்டுக்கு உரிமையாளர் அல்ல. கட்டடம் சங்கத்துடையது, அவரிடம் இருப்பது சங்கச் சொத்தில் ஒரு பங்கும், அந்த வீட்டில் வாழும் உரிமையும். மாதா மாதம் சங்கத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். விற்கும்போது சட்டப்படி உச்சவிலை உண்டு. அதற்கு மேல் கொடுத்த பணத்தை, வீட்டை வாங்கியவர் திரும்பக் கேட்கலாம். பங்கு விலை மலிவாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்கினால் ஆபத்து. சங்கத்தின் கடன் பெரிதாக இருந்தால் மாதக் கட்டணம் கழுத்தை நெரிக்கும். 2008 நெருக்கடிக்குப் பின் இப்படிச் சில சங்கங்கள் திவாலாகவும் செய்தன.

ஆகவே சொத்துப் பத்திரத்தில் நாம் எழுதும் 'பங்கு பாத்தியதை'தான் இதற்கு மிக நெருக்கம்: கூறும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. பேச்சுக்கு எளிதாகப் 'பங்குரிமை' என்று வைக்கலாம். அண்டேல்ஸ்போலி பங்குரிமை வீடு, சங்கம் பங்குரிமைச் சங்கம், உறுப்பினர் பங்குரிமையாளர். 'பங்காளி' வேண்டாம், அது தாயாதியைக் குறிக்கும். இயக்கத்தைச் சொல்லும்போது 'கூட்டுறவு இயக்கம்' நிலைத்துவிட்டதால் அப்படியே விடலாம். ஆனால் இந்தியாவில் 1904 முதல் கூட்டுறவுக்குத் தனிச் சட்டம் உண்டு, டென்மார்க்கில் பொதுக் கூட்டுறவுச் சட்டம் இன்றிச் சங்கத்தின் சொந்த விதிகளே ஆண்டன என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். சந்தையில் வாங்கி விற்கும் பங்குக்கு டேனிய மொழியில் 'ஆக்சியெ' என்று வேறு சொல் இருக்கிறது. வெறும் 'பங்கு' அதற்குத்தான்.