அலாரம் பேனல் மூடியில் கண்ட ஸ்க்ரூவையும் போடாதீர்கள்

"யாரும் தொடவே இல்லை சார், திருட்டு அலாரம் நடுராத்திரியில் தானாகக் கத்துகிறது." இப்படி அழைப்பு வந்தால் நான் முதலில் கேட்பது, "பேனல் மூடியைச் சமீபத்தில் யாராவது கழற்றினீர்களா?" என்பதுதான். (பேனல் என்றால் அலாரத்தின் போர்டும் பேட்டரியும் இருக்கிற பெட்டி.) கொஞ்சம் மௌனம். பிறகு, "பேட்டரி மாற்றினோம். ஒரு ஸ்க்ரூ தொலைந்துவிட்டது, வீட்டில் கிடந்த ஒன்றைப் போட்டோம்." இந்த வாரமும் இதே கதைதான். பலகையில் அடிக்கிற கூர்முனைக் கறுப்பு ஸ்க்ரூ, மூடியைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருந்தது.

மூடி என்பது தூசி விழாமல் இருக்க என்று நினைக்கிறீர்கள். இல்லை. மூடியும் அலாரத்தின் ஒரு உறுப்பு. அதன் உள்பக்கம் ஒரு சின்ன டேம்பர் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் விட்டால், யாரோ பெட்டியைத் திறக்கிறார்கள் என்று பேனல் எடுத்துக்கொள்ளும். நீங்கள் வீட்டில் இருந்து அலாரத்தை அணைத்து வைத்திருந்தாலும் அந்தச் சுவிட்ச் தூங்காது. 24 மணி நேரமும் வேலை. ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காமல் மூடி ஒரு மூலையில் லேசாகத் தூக்கி நின்றால், கதவை ஓங்கிச் சாத்துகிற அதிர்வே போதும். சத்தம் தாங்காமல் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திருடன் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்து கொடுப்பானேன்?

சரி, மாற்று ஸ்க்ரூ எப்படித் தேடுவது? அதே மூடியில் இன்னொரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தால் அதுதான் மாதிரி. இல்லையென்றால் டார்ச் அடித்து ஓட்டைக்குள் பாருங்கள். பித்தளை வளையம் மின்னினால், அதற்கு நெருக்கமான மரை கொண்ட, முனை மழுங்கிய மெஷின் ஸ்க்ரூ வேண்டும். வெறும் பிளாஸ்டிக் என்றால், மரை அகலமாக இடைவெளி விட்டிருக்கும் செல்ஃப் டேப்பிங் ரகம், அதாவது தன் மரையைத் தானே வெட்டிக்கொண்டு இறங்குவது. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஓட்டை போயிற்று.

கண்ணை நம்பாதீர்கள். எம்3 ஸ்க்ரூ, அதாவது 3 மி.மீ. தடிமன் உள்ளதில், மரைக்கு மரை 0.5 மி.மீ. அமெரிக்க அளவில் வரும் 6-32 ரகம் 3.5 மி.மீ. தடிமன், அங்குலத்துக்கு 32 மரை; அதாவது ஏறக்குறைய 0.8 மி.மீ. இடைவெளி. பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். தப்பானது இரண்டு சுற்று இறங்கி இறுகும். அதற்கு மேலும் முறுக்கினால் பித்தளை வளையமே பிளாஸ்டிக்கை விட்டுச் சுழலத் தொடங்கும். அப்புறம் பெட்டியையே மாற்றச் சொல்ல வேண்டியதுதான்.

நீளத்தை அளப்பதிலும் ஒரு சங்கதி. தலை மேலே தெரியும் ஸ்க்ரூவைத் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். தலை உள்ளே அமிழ்கிற ரகத்தைத் தலையோடு சேர்த்து. "கொஞ்சம் நீளமா இருந்தா இன்னும் கெட்டியாப் பிடிக்கும்" என்பதெல்லாம் வேண்டாம். நீளமானது பின்னால் இருக்கிற ஒயரையோ போர்டையோ குத்தும். பேனலின் மாடல் எண் பெரும்பாலும் பெட்டியின் உள்ளே ஸ்டிக்கரில் இருக்கும். அதை அலாரம் பொருத்தியவரிடம் சொல்லிக் கேட்பதுதான் சுலபமான வழி. இதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

மூடியைத் திறக்கும் முன், கண்காணிப்பு நிலையத்தோடு இணைப்பு இருந்தால் அவர்களுக்குச் சொல்லிவிட்டு பேனலைச் சோதனை நிலையில் போடுங்கள். பல பெட்டிகளுக்குள் மெயின்ஸ் கரண்டும் வருகிறது. அதை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள். நிறுத்தினாலும் 12 வோல்ட் பேட்டரி உயிரோடுதான் இருக்கும். ஸ்க்ரூ நழுவி போர்டின் மேல் விழுந்தால் அதுவே ஷார்ட் ஆக்கிவிடும். காந்த முனைத் திருப்புளி இருந்தால் நல்லது.

மூடி பொருந்தாமல் முரண்டு பிடித்தால் ஸ்க்ரூவைத் திட்டாதீர்கள், முதலில் பேட்டரியைப் பாருங்கள். பழசாகி வயிறு உப்பிய பேட்டரி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதற்குப் புது பேட்டரிதான் வழி.

பிளாஸ்டிக் ஓட்டையில் புது ஸ்க்ரூவை வைத்ததும் முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று பழைய மரையில் உட்காரும். அப்புறம் வலப்பக்கம், கையால் மட்டும். டிரில் மெஷினைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.