கட்டியாக வந்தாலும் குற்றம், மெலிதாக வந்தாலும் குற்றம்

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து தேவகோட்டையில் தங்கியிருக்கும் ஒரு வாசகி எழுதியிருந்தார். குழந்தைக்கு மூன்று மாதம். ஒரு நாள் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் வைத்திருந்தாராம். அதைப் பார்த்த அவருடைய அப்பத்தா, "என்ன ஆத்தா, கழுநீர் மாதிரி இருக்கு? இதுல பிள்ளைக்கு என்ன சத்து இருக்கப் போகுது?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் பசும்பால் பேச்சு ஓடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், குழந்தை பிறந்த அன்று மஞ்சளாக வந்த சீம்பாலை "கட்டியா இருக்கு, செரிக்காது" என்று பீய்ச்சி ஊற்றச் சொன்னவரும் இதே அப்பத்தாதான்.

முதலில் கழுநீர்க் குற்றச்சாட்டு. தாய்ப்பால், பசும்பால் இரண்டிலும் தண்ணீர் ஏறத்தாழ ஒரே அளவுதான், நூற்றுக்கு 87, 88 பங்கு. கண்ணுக்குத் தெரியும் வெண்மையும் கெட்டியும் பெரும்பாலும் கேசீன் என்ற புரதமும் கொழுப்பும் தருபவை. பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். தாய்ப்பாலில் அது பாதிக்கும் குறைவு. மற்றது மோர்த்தெளிவில் கரைந்து நிற்கும் புரதங்கள். மொத்தப் புரதமும் குறைவுதான். 100 மில்லியில் பசுவுக்கு மூன்று கிராமுக்கு மேல், தாய்க்கு ஒரு கிராம் அளவு. கன்றுக்குட்டி ஒன்றரை மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்காகிவிடும். நம் பிள்ளைக்கு அதற்கு ஐந்து மாதம் ஆகும். அவரவர் அவசரத்துக்கு ஏற்ற புரதம். தாய்ப்பாலில் கூடுதலாக இருப்பது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. பசும்பாலில் 100 மில்லிக்கு ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு, தாய்ப்பாலில் ஏழு கிராம். சர்க்கரை கரைந்தால் கண்ணுக்குத் தெரியாதே, அதனால்தான் அப்பத்தா ஏமாந்தார்.

இந்தச் சர்க்கரை எப்படி உண்டாகிறது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

நம் உடலின் அநேகமாக எல்லா உயிரணுக்களிலும் ஒரு கொத்தனார் இருக்கிறார், ஒரு நொதி. உயிரணுவுக்குள் புரதங்களைப் பக்குவப்படுத்திப் பொட்டலம் கட்டும் கோல்கி உறுப்பில் உட்கார்ந்துகொண்டு, வேறு புரதங்களில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் முனையில் காலக்டோஸ் என்ற எளிய சர்க்கரையை ஒட்டுவது அவர் வேலை. குளுக்கோஸை அவர் கையில் கொடுத்தால் பிடி நிற்காது, நழுவிவிடும். பால் சுரப்பியில் மட்டும் அவருக்கு ஒரு சித்தாள் வருகிறார். பெயர் ஆல்ஃபா-லாக்டால்புமின், 123 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதம். இவர் வந்து ஒட்டிக்கொண்டால் கொத்தனாரின் பிடி மாறுகிறது, குளுக்கோஸ் நிற்கிறது. அதன்மேல் காலக்டோஸ் ஏறினால் அதுவே லாக்டோஸ்.

சரி, லாக்டோஸ் உண்டாகிவிட்டது. ஆனால் கோல்கியின் சவ்வைத் தாண்டி அதனால் வெளியே போக முடியாது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கும் சர்க்கரை தண்ணீரை இழுத்துப் பழம் உப்புகிறதல்லவா? பள்ளியில் படித்த அதே சவ்வூடு பரவல்தான். லாக்டோஸ் அடைபட்ட பைகள் தண்ணீரை இழுத்து உப்பி, உயிரணுவின் ஓரத்துக்கு வந்து திறந்துகொள்கின்றன. அப்படியானால் ஒரு தாய்க்கு எவ்வளவு பால் சுரக்கிறது என்பதில் பெரும்பங்கு இந்தச் சித்தாளின் கையில்தான். அப்புறம் அவரும் பாலோடு சேர்ந்து வெளியே வந்து குழந்தைக்கு உணவாகிவிடுகிறார். கட்டடம் கட்டியவரையே சாப்பிடுவதா என்று கேட்காதீர்கள், என் உவமை இந்த இடத்தில் நொண்டுகிறது.

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரான் இந்தப் புரதத்தை அடக்கி வைத்திருக்கும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்த ஹார்மோன் சரிகிறது, சித்தாள்கள் கூட்டமாக வேலைக்கு வருகிறார்கள், மூன்றாம் நாள் வாக்கில் பால் இறங்குகிறது. அதற்கு முன் லாக்டோஸ் குறைவு, அதனால் தண்ணீரும் குறைவு. வருவது கொஞ்சமே கொஞ்சம், புரதம் செறிந்த சீம்பால். அதில் பெரும்பகுதி குழந்தையின் குடலைக் காக்கும் எதிர்ப்புரதமும், கிருமிகளுக்குக் கிடைக்காமல் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரினும். அப்பத்தா ஊற்றச் சொன்னது இதைத்தான். முதல் நாள் கட்டி, மூன்றாம் மாதம் மெலிசு, இரண்டுக்கும் காரணம் ஒரே புரதம்.

எலியில் இந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். பால் பசைபோல ஆகிவிட்டது, குட்டிகளால் உறிஞ்ச முடியவில்லை. உரோமச் சீல் என்ற கடல் விலங்குகளில் இயற்கையே இதைச் செய்திருக்கிறது. அவற்றின் பாலில் லாக்டோஸ் கிடையாது, கொழுப்புதான். தாய் பல நாள் கடலில் இரை தேடிவிட்டு வந்தாலும் பால் வற்றுவதில்லை.

இந்தச் சித்தாளின் பூர்வீகம் இன்னும் விசேஷம். 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் மூக்குச் சளியில் கண்டு அறிவித்த லைசோசைம், பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் புரதம். பழங்காலத்தில் அதன் மரபணு இரட்டிப்பாகி, ஒரு பிரதி வழிமாறி வந்ததுதான் ஆல்ஃபா-லாக்டால்புமின். கிருமி அறுத்த குடும்பத்துப் பிள்ளை பால் வேலைக்கு வந்துவிட்டது. பழைய லைசோசைமும் தாய்ப்பாலில் தாராளமாக இருக்கிறது. கழுதைப்பாலில் அதைவிடவும் அதிகம், புரதமும் நம் அளவை ஒட்டியே வரும். எங்கள் பக்கத் தெருக்களில் கழுதையை ஓட்டிக்கொண்டு சங்களவு பால் விற்க வருபவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், விலையை ஏற்றிவிடுவார். குரல் வளரும் என்று காய்ச்சாத பாலைப் பச்சைக் குழந்தைக்குப் புகட்டுவது வயிற்றுப்போக்குக்கு அழைப்பு.

கொத்தனாரும் சித்தாளும் இரண்டு தனிப் புரதங்கள் என்று தெரிந்தது 1966இல். பசும்பாலிலிருந்து எடுத்த நொதியைப் பிரித்தபோது இரண்டு பகுதிகள் கிடைத்தன. எதுவும் தனியாக வேலை செய்யவில்லை, கலந்ததும் லாக்டோஸ் வந்தது. அதில் ஒன்று, என்ன வேலை என்றே தெரியாமல் பல காலமாகப் பாலில் பார்த்துவந்த ஆல்ஃபா-லாக்டால்புமின் என்று விரைவிலேயே தெரிந்தது. இன்று குழந்தைப் பால்பவுடர் செய்பவர்கள் அதையே சேர்க்கப் பார்க்கிறார்கள், டிரிப்டோஃபேன், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் அதில் மிகுதி என்பதால். உடனே என்ன லாபம் என்று கேட்கும் நிதிக்குழுவிடம் அந்தச் சோதனை போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் மின்வேதியியல் ஆய்வகத்துக்குக் கொடுத்தபோது லாபக் கணக்கா பார்த்தார்? தாய்ப்பாலுக்கும் அப்படி ஒருவர் நம் பக்கம் கிளம்பினால் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

வாசகியின் கடைசிக் கேள்வி: சுறாப்புட்டு தின்றால் பாலில் புரதம் கூடுமா? கூடாது. சாப்பாட்டுக்கு ஏற்ப மாறுவது முக்கியமாகக் கொழுப்பின் வகைதான், புரதம் அவ்வளவாக அசையாது. ஆகவே ருசிக்காகச் சாப்பிடுங்கள், அதுவும் எப்போதாவது. பெரிய சுறாக்களில் பாதரசம் சேரும். நெத்திலி, மத்தி என்றால் அந்தக் கவலை குறைவு. பசும்பாலை ஒரு வயது வரை தள்ளி வையுங்கள். அதன் புரதமும் உப்புகளும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்குச் சுமை, இரும்பும் அதில் சொற்பம். அப்பத்தாவிடம் கழுநீருக்குப் பதில் சொல்லும்போது சித்தாள் கதையிலிருந்தே தொடங்குங்கள்.