தேமலும் தவிடும்

‘பிட்டிரியாசிஸ் வெர்சிகலர்.’ சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தங்கை வாட்ஸப்பில் அனுப்பிய டாக்டர் சீட்டில் இருந்தது இவ்வளவுதான். கீழே ஒரு ஷாம்பூவின் பெயர். சீட்டு அவள் மகனுடையது. 26 வயது, கொலுசுப் பட்டறையில் வேலை. காற்றாடி போட்டால் தீ அலையும் என்று நாள் முழுக்கப் புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பவன். கழுத்திலும் முதுகிலும் வெளிறிய திட்டுகள். தை பிறப்பதற்குள் பெண் பார்த்துவிட வேண்டும் என்று ஜாதகத்தோடு அலைகிறவளுக்கு, அந்த இரண்டு சொல்லும் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டன.

“அண்ணா, வெண்குஷ்டமாங்கண்ணா? தமிழ் வாத்தியாரா இருந்தவர்தானே நீங்க, அது என்ன பேருன்னு பார்த்துச் சொல்லுங்க.”

“தேமல்ம்மா” என்றேன்.

“தேமலா? அதுக்கா இத்தனை நீளப் பேரு?”

நியாயமான கேள்விதான். ஏற்காட்டுக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தேன். ‘பிட்டிரான்’ என்றால் கிரேக்கத்தில் தவிடு. பிட்டிரியாசிஸ் என்றால் தவிட்டு நோய். ‘வெர்சிகலர்’ லத்தீன்: நிறம் மாறுவது, பல நிறம் காட்டுவது. ஆக, சீட்டில் டாக்டர் எழுதியது ‘நிறம் மாறும் தவிடு’. இதற்காகத்தான் அவள் இரவெல்லாம் தூங்கவில்லை.

தவிடு எங்கிருந்து வந்தது? தேமல் உள்ள இடத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். சும்மா பார்க்கும்போது வழவழப்பாகத் தெரிகிற தோலிலிருந்து மெல்லிய பொடி உதிரும். புடைத்த முறத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அதே மாதிரி. தோல் மருத்துவர்கள் இன்றும் இப்படிச் சுரண்டிப் பார்த்துத்தான் பாதி முடிவுக்கு வருகிறார்கள். இதற்குக் காரணமான பூஞ்சைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கும் பெயர் மலசேசியா ஃபர்ஃபர். மலசே என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆய்வாளர். ‘ஃபர்ஃபர்’ என்றால்? லத்தீனில் தவிடு! நோய்க்குக் கிரேக்கத் தவிடு, பூஞ்சைக்கு லத்தீன் தவிடு. நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. பொடிப்பொடியாய் எழும்பும் ஓர் அம்மைக்குத் ‘தவிட்டம்மை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நெல்லும் கோதுமையும் குத்திய ஊர்களில் எல்லாம் தோலைப் பார்த்தவுடன் தவிடு நினைவுக்கு வந்திருக்கிறது.

வெர்சிகலர் என்ற அடைமொழிக்கும் காரணம் உண்டு. வெள்ளைத் தோலில் இந்தத் திட்டு பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். நம் மாநிறத்தில் பெரும்பாலும் வெளிறித் தெரியும். ஒரே ஆளுக்கே வெயில் காலத்தில் ஒரு நிறம், மற்ற காலத்தில் ஒரு நிறம். சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்க, பூஞ்சை பிடித்த இடம் மட்டும் கறுக்காமல் நிற்பதால் சித்திரை, வைகாசியில் திடீரென்று ‘வந்த’ மாதிரி இருக்கும். இந்தப் பூஞ்சை உண்டாக்கும் அசெலெயிக் அமிலம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது என்பது மருத்துவர்கள் சொல்லும் விளக்கம்.

மலசேசியா யாரோ ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டு வருவதல்ல. உங்கள் தோலிலும் என் தோலிலும் இப்போதே இருக்கிறது. தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்று சத்தமில்லாமல் வாழ்கிறது. வெப்பமும் வியர்வையும் கூடினால் உருண்டையாக இருந்தது இழையாக நீண்டு தோலின் மேலடுக்கில் படர்கிறது. அதனால்தான் அது சேலத்துப் பட்டறையில் செழிக்கிறது. இங்கே மேலே, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி, வேர்வைக்கே பஞ்சம். குளிக்காதவனுக்கு வருவது என்று சொல்வது அபாண்டம். மருமகன் ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிப்பவன்.

சுரண்டிய தவிட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் வைத்தால், குட்டைக் குட்டை இழைகளும் நடுநடுவே உருண்டை வித்துகளும் தெரியும். மேல்நாட்டுப் பாடநூல்கள் இதை அவர்கள் ஊர் நூல் பாஸ்தாவும் இறைச்சி உருண்டையும் என்று வருணிக்கின்றன. நம் மாணவர்களும் சாப்பிட்டே அறியாத பண்டத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேமியாவும் ஜவ்வரிசியும் போட்ட பாயசம் அது, வேறென்ன! மரவள்ளிக் கிழங்கு அரைத்து நாடு முழுக்க ஜவ்வரிசி அனுப்புகிற சேலத்துக்காரன் இந்த உவமையை விட்டுக்கொடுக்கலாமா? தமிழில் மருத்துவப் பாடம் எழுத உட்காருகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

இனி ‘தேமல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இதன் பழைய வாழ்வு நோயோடு தொடர்புடையதே அல்ல. சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியில் பொன்துகள் தூவியதுபோல் படரும் புள்ளிகளுக்குச் ‘சுணங்கு’ என்று பெயர். ‘திதலை’ என்பதும் அந்த வகையே. உரை எழுதியவர்கள் இவற்றுக்குத் தரும் பொருள் தேமல். சுணங்கு குறையல்ல, இளமையின் அழகு. வேங்கைப் பூவின் மஞ்சள் தாதை அதற்கு உவமை சொல்வார்கள். சேர்வராயன் மலைச் சரிவில் வேங்கை பூத்து உதிரும்போது அடியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

தோலின் நிறத்தில் நேரும் சிறு மாற்றத்தையும் உற்றுப் பார்த்து ஆளுக்கொரு பெயர் வைத்த மொழி இது. மாந்தளிர் போன்ற மேனி நிறம் மாமை. பிரிவில் அது வெளிறினால் பசலை. குறுந்தொகையின் 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் திதலை, மாமை, பசலை மூன்றையும் ஐந்தே அடிக்குள் கொண்டுவந்துவிடுகிறார். வள்ளுவர் பசலைக்கென்று ஓர் அதிகாரமே, 119-ஆவது, ஒதுக்கினார். இன்று பசலை என்று போய் நின்றால் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தருவார்கள். அது வேறு கதை.

அந்தப் பழைய பொருள் இன்னும் முழுக்கச் சாகவில்லை. வயசுப் பெண்ணின் கன்னத்தில் வெளிர் திட்டு விழுந்தால் எங்கள் பக்கம் பாட்டிமார் “அழகுத் தேமல், தானாப் போயிரும்” என்பார்கள். சுணங்கின் நிழல் அந்த ‘அழகு’வில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சங்கச் சுணங்கும் சீட்டில் உள்ள பூஞ்சையும் ஒன்றா என்று கேட்டால், கவிதையை ஆய்வகத்துக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இருட்டறையில் புற ஊதா விளக்கை, வுட் விளக்கு என்பார்கள், இந்தத் தேமலின்மேல் காட்டினால் பல நேரம் அது பொன்மஞ்சளாக ஒளிரும்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். “பொண்ணுக்கு வந்தா அழகு. என் பையனுக்கு வந்தா?” என்றாள். பதில் இல்லை.

தேமல் நல்ல சொல். அதன் தொல்லை, அது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது. வெளிறிய திட்டு எதுவானாலும் அதற்குள் அடங்கிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் சொரசொரப்பான திட்டும் தேமல்தான். டாக்டர்கள் அதைப் பிட்டிரியாசிஸ் ஆல்பா என்கிறார்கள், வெண்தவிடு. இங்கே பூஞ்சையே கிடையாது. வறண்ட தோலில் வரும் மெல்லிய கரப்பான் வகை. ஆனால் வீட்டில் “வயித்துல பூச்சி” என்று பூச்சி மருந்தும், “கால்சியம் பத்தல” என்று டானிக்கும் கொடுப்பார்கள். பிள்ளை வளர வளரத் திட்டு மறையும், பேர் டானிக்குக்குப் போகும்.

இன்னொரு தேமலை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. அரசுச் சுவர் விளம்பரங்களில் ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்று பார்த்திருப்பீர்கள். தொழுநோயின் முதல் அடையாளம். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டால் திட்டின்மேல் தொட்டது தெரியாது. 1873-இல் ஹான்சன் கண்டறிந்த கிருமியால் வருவது. திட்டுகள் குறைவாக இருந்தால் 6 மாதம், கூடுதலாக இருந்தால் 12 மாதம் கூட்டு மருந்து, அரசு செலவில், குணமாகிவிடும். அந்த விளம்பரத்தை எழுதியவருக்கு ஒரு வணக்கம். கலைச்சொல் உருவாக்கக் குழு எதுவும் கூடாமலே சரியான சொல்லைப் பிடித்திருக்கிறார்: ஊரறிந்த பெயர்ச்சொல் அப்படியே, முன்னால் நோயைக் காட்டிக்கொடுக்கும் ஓர் அடைமொழி.

தங்கை பயந்த ‘வெண்குஷ்டம்’ தேமலே அல்ல. தேமல் வெளிறல், அது சுண்ணாம்பு வெள்ளை. டாக்டர்கள் விட்டிலிகோ என்று சொல்லும் அதில் உடலின் எதிர்ப்பாற்றலே நிறமிச் செல்களை அழித்துவிடுகிறது. கிருமி இல்லை, தொற்று இல்லை, தவிடும் உதிராது. பின் எப்படிக் குஷ்டம் என்றானது? குஷ்டம் என்ற வடசொல் பழைய மருத்துவத்தில் தோல் நோய்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். ஆயுர்வேத ஆசிரியர் சரகர் 18 வகை சொல்கிறார், சித்த மருத்துவத்திலும் குட்டம் 18. அந்தக் கணக்கில் வெண்குஷ்டம் என்றால் வெள்ளையான தோல் நோய் என்று மட்டுமே பொருள். காலப்போக்கில் குஷ்டம் என்பது தொழுநோய்க்கே உரிய பெயராகச் சுருங்கிவிட, ஒட்டாத நோய்க்காரர்கள் ஒட்டும் நோயின் பழியைச் சுமந்தார்கள். சொல் தப்புச் செய்யவில்லை, பொருள் இடம்பெயர்ந்தது, கல்யாணங்கள் நின்றன. பாதிக்கப்பட்டவர்களே கேட்டுப் போராடி, தமிழ்நாடு அரசும் ‘வெண்புள்ளி’ என்றே வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

படர்தாமரை தனி. வட்டமாக, விளிம்பு தடித்து, நடு தெளிந்து, அரிப்பெடுத்துப் படரும். கிராமத்தில் ‘வண்டுகடி’ என்பார்கள். அதற்கு அரைத்துப் பூசும் சீமை அகத்திக்கு ‘வண்டுகொல்லி’ என்றே பெயர். ஆங்கிலத்தில் அது வளையப் புழு. லத்தீனில் ‘டினியா’, துணி அரிக்கும் பூச்சி. வண்டும் இல்லை, புழுவும் இல்லை, இதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு குலம். மலசேசியாவைப் போலன்றி இது ஒட்டும். ஒரே துண்டை வீடே துடைத்தால் வீடே சொறியும்.

இந்தச் சொல் மயக்கம் முதலில் காசாகிற இடம் மருந்துக்கடை. “தேமலுக்கு ஒரு டியூப் குடுங்க” என்று கேட்டால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? எனக்கே ஒரு முறை, காட்டியது படர்தாமரை, கிடைத்தது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டு நாளில் அரிப்பு நின்றது, ‘என்ன மருந்து!’ என்று மெச்சினேன். மூன்றாம் வாரம் வட்டம் இடுப்பைச் சுற்றிவிட்டது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கி வைக்க, பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவியிருக்கிறது. நாட்டின் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகத் தலையில் அடித்துக்கொள்வது இதைப் பற்றித்தான்.

எனவே என் யோசனை இது. பிட்டிரியாசிஸ் வெர்சிகலருக்குப் ‘பன்னிறத் தவிட்டுநோய்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தால் யாருக்கும் புரியாது. சுவர் விளம்பரக்காரர் வழியே நல்ல வழி. இதைப் பூஞ்சைத் தேமல் என்போம், பிள்ளைகளுக்கு வருவதை வறள்தேமல் என்போம், உணர்ச்சியற்ற தேமல் இருக்கவே இருக்கிறது. வெண்புள்ளியையும் படர்தாமரையையும் இந்த வீட்டுக்குள் விட வேண்டாம்.

தோலுக்கே எத்தனை பெயர் என்பதும் வேடிக்கை. ஆஸ்பத்திரிப் பலகையில் ‘தோல் நோய்’; முகப்பூச்சு விளம்பரத்தில் ‘சருமப் பொலிவு’. தோலுக்கு நோய்தான் வரும், பொலிவு வருவதென்றால் அது வடமொழிச் சருமமாகிவிட வேண்டும் போலிருக்கிறது. சித்தர் நூல்களில் ‘தொக்கு’ என்று இன்னொன்று உண்டு, ‘த்வக்’ என்பதன் தமிழ் வடிவம். ஊறுகாய்த் தொக்கு அல்ல.

மருமகன் சீட்டில் இருந்தது கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ. தலைக்கு என்று நினைத்துத் தலைக்கே போட்டுக்கொண்டிருந்தான்; முதுகில் தேய்த்துச் சில நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும் என்று இரண்டாம் முறை போனபோதுதான் தெரிந்தது. ஆறு வாரம் கழித்துத் திட்டுகள் அப்படியே இருக்கின்றன என்று தங்கை மறுபடி பதறினாள். கூடப் போனேன். டாக்டர் நகத்தால் இரண்டு இடத்தில் சுரண்டிப் பார்த்தார்.

“தவிடு இல்லைங்கம்மா. பூஞ்சை போயிருச்சு. நிறம் வர மூணு நாலு மாசம்கூட ஆகலாம்.”

“தைக்குள்ள வந்துருங்களா டாக்டர்?”

“வெயில்ல கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, பார்க்கலாம்” என்றார் அவர்.