வறுமைக்கோடு: சொல்லும் கணக்கும்

வறுமை பழைய சொல். கோடும் அப்படியே. இரண்டையும் ஒட்டியதுதான் புதுசு. ‘பாவர்ட்டி லைன்’ என்ற ஆங்கிலத் தொடரைப் பார்த்து ஒட்டியது.

வறுமைக்கு அடி ‘வறு’. வறம், வறள், வறட்சி எல்லாம் ஒரு குடும்பம். சட்டியில் கடலை வறுப்பதும் ஈரத்தைப் போக்குவதுதான். ‘வானம் வறக்குமேல்’ என்று குறள் சொல்வது மழை பொய்ப்பதை. நிலம் காய்வதற்கும் வயிறு காய்வதற்கும் ஒரே வேர் இருப்பதில் வியப்பில்லை. கண்மாய் பெருகாத வருஷம் எப்படிப் போகும் என்று உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக்காரரைக் கேட்டால் தெரியும். ஏழ்மையின் கதை வேறு. பழைய வழக்கில் ‘ஏழை’ என்றால் அறிவில்லாதவன் என்றும் பொருள். ஒற்றை ஆளாகப் பலரைப் பகைத்துக்கொள்பவனைத்தான் குறள் அப்படிச் சொல்கிறது. காசில்லாதவன் என்ற பொருளே இப்போது நிலைத்துவிட்டது. வறுமையைச் சொல்லிவந்த நல்குரவு, மிடி இரண்டும் ஏட்டோடு நின்றுவிட்டன. தரித்திரம் வடசொல், மதுரைத் தெருவில் அது இன்று பெரும்பாலும் வசவு.

கோட்டுக்குக் கொம்பு, கிளை, மலைமுகடு, குளக்கரை எனப் பல பொருள். கோடுதல் என்றால் வளைதல். வல்லுநர் குழுக்கள் இந்தக் கோட்டை என்ன பாடு படுத்தின என்று பார்த்தால் அந்தப் பழைய பொருளே பொருத்தம் என்று தோன்றும்.

நம்மிடம் இதற்கு முன்பே ஒரு கோடு இருந்தது: அன்றாடங்காய்ச்சி. அன்றைய கூலியில் அன்றைக்கு உலை வைப்பவர். பேச்சில் ‘அன்னாடங்காய்ச்சி’. வருமானம் எவ்வளவு என்று இந்தச் சொல் கேட்பதில்லை, நாளைக்கு இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. வீட்டுச் செலவை மாதக் கணக்கில் கேட்டு ஏழைகளை எண்ண உதவும் அரசு ஆய்வுக்கு எளிதில் பிடிபடாத விஷயம் அது. மதுரை செல்லூரில் தறிவேலைக்குப் போகும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுக்க வருபவர் அரிசி, பருப்புக்குக் கடந்த 30 நாளைக் கேட்பார். எண்ணெய், காய்கறி, முட்டைக்குக் கடந்த 7 நாளை. துணிமணி, பள்ளிச் செலவுக்கு 365 நாளை. பத்து ரூபாய் எண்ணெய்ப் பாக்கெட்டாக வாங்குகிற அக்கா 7 நாள் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுவார். எல்லாவற்றுக்கும் 30 நாள் என்று கேட்டால் பாதி மறந்துபோகும். மறந்ததெல்லாம் செலவில் குறையும், ஏழைகள் எண்ணிக்கையில் கூடும். கேள்வியை மாற்றினால் நாட்டின் வறுமை மாறும் என்பது வேடிக்கையாகத் தெரியலாம், உண்மை அதுதான்.

இந்தியாவில் இந்தக் கணக்கைத் தொடங்கியவர் தாதாபாய் நவ்ரோஜி. 1867-68 விலையில் ஓர் ஆள் உயிர்வாழ ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் வரை வேண்டும் என்று அவர் மதிப்பிட்டார். 1979-இல் அரசு அமைத்த அலக் குழு கலோரியைப் பிடித்தது: கிராமத்தில் ஒருவருக்கு நாளைக்கு 2400, நகரத்தில் 2100. அந்த அளவு உண்ணும் குடும்பம் மொத்தமாக என்ன செலவழிக்கிறதோ அதுவே கோடு. பிறகு வந்த லக்டாவாலா குழு (1993) மாநிலத்துக்கு மாநிலம் தனிக்கோடு போட்டது. 2009-இல் டெண்டுல்கர் குழு கலோரியை அச்சாக வைப்பதை விட்டு, கல்விச் செலவையும் மருத்துவச் செலவையும் உள்ளே கொண்டுவந்தது. அந்த முறைப்படி 2011-12-இல் அகில இந்தியக் கோடு தலைக்கு மாதம் கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1000. கோட்டுக்குக் கீழே 21.9 சதவீதம். ரங்கராஜன் குழு 2014-இல் அதே ஆண்டுக்கு 972, 1407 என்று உயர்த்தியது, விகிதம் 29.5 ஆனது. இரண்டுக்கும் நடுவே யாரும் ஏழையாகிவிடவில்லை.

தமிழ்நாட்டுக்கு டெண்டுல்கர் முறை தந்த எண்கள் கிராமத்தில் 880, நகரத்தில் 937. மாவட்டக் கோடு என்று ஒன்று கிடையாது. ஆகவே சென்னையில் வாடகை கொடுப்பவருக்கும் மதுரை முனிச்சாலையில் வாடகை கொடுப்பவருக்கும் ஒரே 937. எனக்கு இதில்தான் பெரிய குறை தெரிகிறது.

2011-12-க்குப் பிறகு அதிகாரபூர்வமான புதுக்கோடு வரவில்லை. விலைவாசிக்கு ஏற்ப எண்ணைக் கூட்டினால் மட்டும் போதாது, எதெல்லாம் அவசியச் செலவு என்ற பட்டியலையே திரும்ப எழுத வேண்டும். செல்போன் ரீசார்ஜும் பள்ளி வேன் கட்டணமும் இன்று அரிசி, பருப்போடு வரிசையில் நிற்கின்றன. ரேஷனில் இலவசமாக வரும் அரிசியைச் செலவாகக் கொள்வதா வேண்டாமா என்பது இன்னொரு வழக்கு. 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வு இரண்டு விதமாகவும் கணக்கிட்டது: நாட்டின் கிராமப்புறத்தில் தலைக்கு மாதச் செலவின் சராசரி, இலவசங்களைச் சேர்க்காமல் 3773 ரூபாய், சேர்த்தால் 3860. உலக வங்கியும் தன் கோட்டை 2025-இல் நாளைக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக ஏற்றியது. அந்த டாலரை வங்கி மாற்று விலையால் பெருக்கக் கூடாது. இங்கே அந்தப் பணம் எவ்வளவு பொருள் வாங்கும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு அது.

இனி மொழிபெயர்ப்பு. ‘வறுமைக்கோடு’ ஊன்றிவிட்ட சொல், மாற்ற வேண்டாம். குழப்பம் அதை இடம் மாற்றிப் போடுவதில் வருகிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் “வறுமைக்கோட்டிற்குக் கீழ் வாழ்ந்து வருகிறேன்” என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். அங்கே பார்க்கப்படுவது இந்த 880-ஓ 937-ஓ அல்ல. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1.20 லட்சம், மகளிர் உரிமைத்தொகைக்கு 2.50 லட்சம் என்று திட்டத்துக்குத் திட்டம் வேறு அளவு. அதற்கு ‘வருமான வரம்பு’ என்ற நல்ல சொல் அலுவலகத்திலேயே இருக்கிறது. நாட்டில் எத்தனை பேர் ஏழை என்று எண்ணுவதற்கு வறுமைக்கோடு. இன்னாருக்கு உதவி உண்டா என்று பார்க்க வருமான வரம்பு. ‘வறுமைக்கோட்டுக்குக் கீழ்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமான ‘பிபிஎல்’ என்ற எழுத்துக்கூட்டம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் மிச்சம்.

‘பல பரிமாண வறுமை’ என்று நாளிதழ்கள் எழுதுவதை நான் ‘பன்முக வறுமை’ என்பேன். மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் வெளியிடும் இந்தக் குறியீடு ரூபாயைத் தொடுவதே இல்லை. ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என 12 குறைகளை எண்ணுகிறது. 2019-21 தரவின்படி தமிழ்நாட்டில் 2.20 சதவீதம். செலவை வைத்துப் போட்ட கோட்டில் 2011-12-இல் கிடைத்த 11.28 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டு ‘வறுமை ஐந்தில் ஒன்றானது’ என்று எழுதுவது தவறு. இரண்டும் வேறு வேறு அளவைகள்.