முற்றத்துக்குக் கல் பதிக்கும் முன் கேர்புக்கு அனுமதி கேளுங்கள்

இங்கிலாந்தில் வீட்டு வரைபடங்களும் கவுன்சில் விண்ணப்பங்களும் தயாரிப்பது என் தொழில். வாசலில் கார் நிறுத்த, வீதியோரம் உயர்ந்திருக்கும் கல்விளிம்பான கேர்பைத் தாழ்த்த வேண்டும். அதற்காக என்னிடம் வருபவர்களில் பலர், முற்றத்தில் கல் பதித்து முடித்த பிறகுதான் வருகிறார்கள். ஒரு குடும்பம் முன்மதிலை இடித்து, முற்றம் முழுவதும் கல் பரப்பிவிட்டு என்னை அழைத்தது. யன்னலடிச் சுவரிலிருந்து நடைபாதை ஓரம் வரை நாடாவை இழுத்துப் பார்த்தேன், 4.4 மீட்டர். அந்தக் கவுன்சில் கேட்டதோ 4.8 மீட்டர். காரின் பின்புறம் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தால், தள்ளுவண்டியில் பிள்ளையைக் கொண்டுபோகும் தாயும் சக்கர நாற்காலியில் செல்பவரும் வீதியில் இறங்கித்தான் கடக்க வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டது, அது நியாயமான மறுப்பு என்றே அவர்களிடமும் சொன்னேன்.

கேர்பும் நடைபாதையும் பொதுவீதியின் பகுதிகள். அவற்றின் குறுக்கே வாகனம் செல்லும் வழிக்கு 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 184ஆம் பிரிவின் கீழ் வீதிக்குப் பொறுப்பான சபையிடம், அதாவது கவுன்சிலிடம், அனுமதி பெற வேண்டும். மாவட்ட சபையும் அதைவிடப் பெரிய பகுதியைக் கவனிக்கும் கவுண்டி சபையும் தனித்தனியாக உள்ள இடங்களில் அது கவுண்டி சபையே. நடைபாதைக்கடியில் தண்ணீர், எரிவாயுக் குழாய்களும் கம்பிகளும் ஓடுவதால், வேலையைச் சபையோ அது ஏற்றுக்கொண்ட ஒப்பந்தக்காரரோதான் செய்ய முடியும். செலவு முழுவதும் உங்களுடையதாக இருந்தாலும், தாழ்த்திய பகுதி பொதுச் சொத்தாகவே இருக்கும்.

பலர் தடுமாறுவது அடுத்த இடத்தில்தான். கேர்ப் அனுமதி வேறு, நிலத்திலும் கட்டடத்திலும் செய்யும் மாற்றங்களுக்கான திட்ட அனுமதி (planning permission) வேறு. வீடு, முக்கியத்துவப்படி ஏ, பி, சி என வகைப்படுத்தப்பட்ட வீதியில் இருந்தாலோ, அடுக்குமாடியாக இருந்தாலோ, பொதுவாகத் திட்ட அனுமதியும் வேண்டும். அதோடு, 2008 அக்டோபர் முதல், முன்முற்றத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் ஊறாத தளம் போட்டு, மழைநீரைப் புல்தரைக்கோ பூச்செடிப் பாத்திக்கோ திருப்பாமல் விட்டால், அதற்கும் திட்ட அனுமதி தேவை. நீர் ஊறும் கல்லைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே எழாது. வெள்ளமும் நடைபாதைக்கு வழியாது.

வாசலெதிரே மரம், விளக்குக் கம்பம், குடியிருப்பாளர் வாகனத் தரிப்பிடம் இருக்கின்றனவா என்பதையும் முதலிலேயே பாருங்கள். வீதிமரத்துக்காக மறுக்கப்பட்ட விண்ணப்பங்களை நான் கண்டிருக்கிறேன். பல கவுன்சில்களில் மறுப்பு வந்தாலும் விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது. அதனால் சுவரிலிருந்து நடைபாதை வரையான நீளத்தை அளந்து, உங்கள் கவுன்சில் கேட்கும் அளவோடு ஒப்பிட்ட பின்னரே படிவத்தை நிரப்புங்கள். எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை மதிலில் கை வைக்க வேண்டாம்.