எழும்பெடை

ரெயூனியனில் ட்ரோன் வாங்குகிறவர்கள் முதல் நாளே முட்டிக்கொள்கிற பிரெஞ்சுத் தொடர் ஒன்று உண்டு: ‘மாஸ் மாக்சிமால் ஓ தெக்கொலாழ்’. தரையை விட்டு எழும்பும்போது ட்ரோன் அதிகபட்சம் எவ்வளவு கனக்கலாம் என்பதுதான் அது. இந்தியப் பெருங்கடலில் உள்ள இந்தத் தீவு பிரான்சின் ஒரு பகுதி. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ட்ரோன் விதிகள்தான் இங்கேயும். அந்த விதிகளில் பாதி, இந்தத் தொடரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. 250 கிராமுக்குக் குறைந்தால் ஒரு வகுப்பு, 900 கிராமுக்குக் குறைந்தால் அடுத்தது, அப்புறம் 4 கிலோ, கடைசியாக 25 கிலோ. ஆங்கிலத்தில் ‘மாக்சிமம் டேக்-ஆஃப் மாஸ்’, சுருக்கி எம்.டி.ஓ.எம். என்பார்கள். தமிழில் என்ன சொல்வது?

கடைசிச் சொல்லிலிருந்து வருவோம். ‘கோல்’ என்றால் பிரெஞ்சில் பசை. ‘தெக்கொலே’ என்றால் பசை விட்டுப் பிரிவது. உறையிலிருந்து தபால்தலை பிரிவதும் தெக்கொலே, இங்குள்ள விமான நிலையத்தில் விமானம் தரையை விடுவதும் தெக்கொலே. மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது ஒட்டு விட்டுப்போகிறது. நல்ல சொல். தமிழில் இதற்குச் சிலர் ‘புறப்பாடு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. புறப்பாடு என்றதும் கோயில் வாசலில் சாமி தோளேறுவதுதான் கண்ணுக்கு வருகிறது. பேருந்தும் புறப்படுகிறது, ரயிலும் புறப்படுகிறது, இரண்டும் தரையை விடுவதில்லை. இங்கே வேண்டியது மேலே எழும்பும் அந்த நொடி. ‘எழும்பு’ போதும்.

இனி ‘மாஸ்’. சிக்கல் இங்கேதான்.

நான் காரைக்கால்காரன். நான் படித்த பாடப்புத்தகத்தில் மாஸ் என்பது நிறை, அதைப் புவி இழுக்கும் விசை எடை. என் பக்கத்து வீட்டுத் தம்பி யாழ்ப்பாணத்தில் படித்தவன். அவனுக்கு மாஸ் என்பது திணிவு, விசைதான் நிறை. ஒரே சொல், பாக்கு நீரிணையைத் தாண்டியதும் பொருள் மாறிவிடுகிறது. “உச்ச நிறை 250 கிராம்” என்று நான் சொன்னதும் அவன் சிரித்தான்: “அண்ணை, நிறையை நியூட்டனிலயெல்லோ சொல்லவேணும்?” விசைக்கு அலகு நியூட்டன். அவன் கணக்குப்படி அவன் சொன்னது சரி.

சொற்களின் வேரைப் பார்த்தால் சண்டை கொஞ்சம் அடங்கும். ‘நிறு’ என்றால் தராசில் வைத்து அளப்பது. அதிலிருந்து நிறை. கடையில் “நிறுத்துக் கொடுங்க” என்கிறோமே, அதே நிறு. ‘திணி’ என்றால் செறிவது, நெருக்கி அடைப்பது. அதிலிருந்து திணிவு. உள்ளே எவ்வளவு பொருள் அடைந்திருக்கிறது என்று கேட்கும் சொல் அது. அறிவியலுக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்கே தோன்றுகிறது. ‘எடை’ பிறந்தது ‘எடு’விலிருந்து. எடுத்தல் என்றால் தூக்குதல், உயர்த்துதல். நம்மவர்களுக்குப் பாரம் பார்ப்பதென்றாலே கையால் தூக்கிப் பார்ப்பதுதான். ‘தூக்கு’ என்ற சொல்லுக்கே நிறுத்தல் என்றும் பொருள் உண்டு. ஆக, தரையிலிருந்து எழும்பப் போகிற ஒன்றின் பாரத்தைச் சொல்ல எடையை விடப் பொருத்தமான சொல் தேடவேண்டியதில்லை. தூக்கல் அதற்குள்ளேயே இருக்கிறது.

விதி எழுதியவர்கள் எடை என்று எழுதாமல் மாஸ் என்று எழுதினார்கள். அது இடத்துக்கு இடம் மாறாத அளவு. ஆனால் 3,000 மீட்டர் தாண்டிய பிட்டோன் தெ நேஜ் உச்சியில் வைத்தாலும் 250 கிராம் ட்ரோனின் எடையில் கால் கிராம்கூடக் குறையாது. அங்கே கவலைப்படவேண்டியது மெலிந்த காற்றைப் பற்றி. எனவே தேர்வுத்தாளில் நிறை அல்லது திணிவு, பேச்சில் எடை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, எதையெல்லாம் சேர்ப்பது? தரையை விட்டு எழும்புகிற எல்லாவற்றையும். பேட்டரி, இறக்கைகள், கேமரா, நினைவக அட்டை, லென்சின் மேல் ஒட்டிய வடிகட்டிக் கண்ணாடி வரை. கையில் இருக்கும் ரிமோட் மட்டும் சேராது. இங்கே கரும்பு ஆலைக்குப் போகும் பாரவண்டியை எடைமேடையில் இரண்டு முறை நிறுத்துவார்கள்: சுமையோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை. கழித்தால் கரும்பின் எடை. கழிக்கிற அந்த எடைக்குப் பிரெஞ்சில் ‘தார்’ என்று பெயர். தள்ளிவிடு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சமையலறைத் தராசில் பாத்திரத்தின் எடையைப் பூஜ்யமாக்கும் பொத்தானும் அதே தார். எழும்பெடையில் இந்தக் கழிவே கிடையாது. வண்டியும் கரும்பும் ஓட்டுநரின் சோற்றுப்பெட்டியும் சேர்த்து.

தம்பி சொந்தமாக ஒரு ட்ரோன் கட்டினான். என் தராசில்தான் நிறுத்தோம். மோட்டாரோடு சட்டகம் 418 கிராம், நான்கு இறக்கைகள் 20, பேட்டரி 212, கேமரா 121, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் 16, வார் 8. மொத்தம் 795. அப்போது பிரான்சில் 800 கிராமைத் தொட்டால் ட்ரோனையே ஆல்ஃபாடாங்கோ என்ற அரசு இணையதளத்தில் பதியவேண்டியிருந்தது, தான் யார், எங்கே பறக்கிறேன் என்று ஒலிபரப்பும் மின்னணு அடையாளக் கருவியும் பொருத்தவேண்டியிருந்தது. முன்னெச்சரிக்கையாக அவன் அந்தக் கருவியையும் வாங்கி வைத்திருந்தான். 14 கிராம். பொருத்தினோம், 809. கழற்றினால் கருவி தேவையில்லை, பொருத்தினால் கட்டாயம். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவன் நிறுத்தது அன்றைய எடை. விதி கேட்பது உச்சத்தை. ஐரோப்பிய விதி சொல்வது, சரக்கும் எரிபொருளும் உட்பட எவ்வளவு வரைக்கும் வைத்து இயக்கலாம் என்று தயாரித்தவரோ கட்டியவரோ வரையறுத்த அளவு. கடையில் வாங்கியதென்றால் வகுப்பு முத்திரையோடு தொழிற்சாலையிலேயே அது முடிவாகிவிடும். நாம் ஒரு திருகைக் கழற்றி நிறுத்துப் பார்த்து வகுப்பை இறக்கமுடியாது. கூட்டினால் மட்டும் வம்பு: 249 கிராமுக்குக் கச்சிதமாகச் செய்த மினி 3 ப்ரோ ட்ரோனில் பெரிய பேட்டரியைப் போட்டால் 290 கிராம் ஆகிவிடும். தம்பி விஷயத்தில் கட்டியவனும் அவனே, உச்சத்தை வரையறுக்கவேண்டியவனும் அவனே. தமிழாக்கும்போது பலர் விட்டுவிடுகிற சொல் இந்த ‘உச்ச’ தான். அதை விட்டால் தராசில் தெரிகிற எண்தான் எல்லாம் என்று ஆகிவிடும்.

ஆகவே என் பரிந்துரை: அந்த நேரத்தில் உள்ள எடைக்கு எழும்பெடை, மாஸ் மாக்சிமாலுக்கு உச்ச எழும்பெடை. எழும்பு, எடை இரண்டும் புணர்ந்தது, வாயில் இடறாது. தம்பியிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் எழும்புவது என்றால் முதலில் படுக்கையிலிருந்துதான் என்பதை மறந்துபோனேன்.

“விடிய எழும்பேக்க இருக்கிற எடையோ, அண்ணை? அது 84 கிலோ.”