ஜாமீன் கிடைத்தும் வெளியே வரவில்லையா? ஏழு நாள் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டால் அன்று மாலையே ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார் என்றுதான் குடும்பத்தினர் நினைக்கிறார்கள். ஆனால் உத்தரவின் நகல் போய்ச் சேர வேண்டும், ஜாமீன்தாரர்கள் நீதிமன்றத்துக்கு வந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், நீதிபதி அவர்களை ஏற்க வேண்டும், அதன் பிறகு விடுதலை உத்தரவு சிறைக்குப் போக வேண்டும். இதில் எந்த இடத்திலும் காகிதம் தேங்கலாம். தேங்கும் ஒவ்வொரு நாளும் ஒருவர் காரணமே இல்லாமல் உள்ளே இருக்கிறார்.

2021 ஜூலை 8 அன்று, ஆக்ரா மத்திய சிறையில் இருந்த 13 பேருக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. குற்றம் நடந்தபோது அவர்கள் சிறார்கள் என்பது முன்பே முடிவாகியிருந்தது. அப்படியிருந்தும் 14 முதல் 22 ஆண்டுகள் வரை சிறையில் கழித்திருந்தார்கள். உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகல் தபாலில் வரவில்லை என்று சொல்லி, ஜாமீனுக்குப் பிறகும் சிறை நிர்வாகம் பல நாள் விடவில்லை. இந்தச் செய்தியைப் பார்த்து அப்போதைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா தாமாகவே வழக்கை எடுத்தார். 2022 மார்ச் 31 அன்று ‘ஃபாஸ்டர்’ என்ற மின்னணு முறை தொடங்கியது இதனால்தான். உச்ச நீதிமன்றத்தின் ஜாமீன், தடை உத்தரவுகள் மின்னணுக் கையொப்பத்துடன் உரிய அதிகாரிகளுக்கு நேரடியாக மின்னஞ்சலில் போகும். தபாலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, மாவட்ட நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ கொடுக்கும் ஜாமீன்? பெரும்பாலானவர்களின் வழக்கு அங்கேதானே இருக்கிறது. அதற்கான வழிமுறைகளை 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், அபய் எஸ். ஓகா அமர்வு வகுத்தது. ஜாமீன் கொடுக்கும் நீதிமன்றம் அன்றோ மறுநாளோ உத்தரவின் மென்நகலைச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கண்காணிப்பாளர் ஜாமீன் கிடைத்த தேதியை, சிறைகளில் கைதிகளின் விவரம் பதியும் ‘இ-பிரிசன்ஸ்’ மென்பொருளில் பதிய வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே போகவில்லை என்றால், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குக் கண்காணிப்பாளர் தெரிவித்தாக வேண்டும். அந்த மென்பொருளே செயலாளருக்குத் தானாக மின்னஞ்சல் அனுப்பும்படி அமைக்கவும் நீதிமன்றம் சொன்னது. அப்புறம் ஆணைக்குழு ஒரு சட்டத் தன்னார்வலரையோ சிறைக்குச் செல்லும் வழக்கறிஞரையோ அனுப்பி, ஏன் வெளியே வர முடியவில்லை என்று கேட்டு உதவலாம்.

மின்னஞ்சலை விட இந்த ஏழு நாள் விதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மின்னஞ்சல் தபால் தாமதத்தை மட்டும்தான் தீர்க்கும். ஏழைகள் மாட்டிக்கொள்வது ஜாமீன்தாரர் கிடைக்காமல், பணம் கட்ட வழியில்லாமல். அந்த நிலையில் ஒருவர் இருக்கிறார் என்பதை யாராவது கவனித்தாக வேண்டும் என்று சொல்வது இந்த விதிதான்.

நிபந்தனையை நிறைவேற்ற முடியாதவர்களுக்கு அதே உத்தரவில் மேலும் சில வழிகள் உண்டு. கைதியின் குடும்ப, பொருளாதார நிலை பற்றி ஆணைக்குழு அறிக்கை தயாரித்து, நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். வெளியே வந்தால் ஜாமீன்தாரரை ஏற்பாடு செய்துவிடுவேன் என்று கைதி கேட்டால், குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிக ஜாமீன் தருவதை நீதிமன்றம் பரிசீலிக்கலாம். ஒரு மாதமாகியும் பத்திரம் தாக்கல் ஆகவில்லை என்றால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையை மறுபரிசீலனை செய்யலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும், அப்படி நிபந்தனை போட வேண்டாம் என்றும் அமர்வு குறிப்பிட்டது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இது மிகவும் முக்கியம். இவையெல்லாம் நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டவை. ஆகவே மனுவில் தெளிவாகக் கேட்டால்தான் பலன்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது இதுதான். வழக்கறிஞரிடம் வழக்கின் சிஎன்ஆர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாகத் தரப்படும் அடையாள எண் அது; எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 16 இடம் இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் வழக்கு நிலவரம் தெரியும். உத்தரவு பதிவேற்றப்பட்டிருந்தால் அதையும் படிக்கலாம். எத்தனை ஜாமீன்தாரர், எவ்வளவு தொகை என்று பாருங்கள். வேறு வழக்கிலும் அவர் காவலில் வைக்கப்பட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். இருந்தால் இந்த ஜாமீன் மட்டும் போதாது.

ஏழு நாள் தாண்டியும் வரவில்லை என்றால், சிறையிலிருந்து தகவல் போயிருக்கும் என்று காத்திருக்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போய் ஒரு வெள்ளைத் தாளில் மனு கொடுங்கள். கைதியின் பெயர், சிறை, வழக்கு எண், ஜாமீன் தேதி, எந்த நிபந்தனையை ஏன் நிறைவேற்ற முடியவில்லை என்பது இருந்தால் போதும். தொலைபேசியில் கேட்க, சட்ட உதவி எண் 15100. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12 அந்த உரிமையைத் தருகிறது.

பணம்தான் தடை என்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் உதவித் திட்டத்தையும் மனுவில் குறிப்பிடுங்கள். 2023இல் வந்த வழிமுறைப்படி, விசாரணைக் கைதியின் ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் மாவட்ட அளவிலான குழு அனுமதிக்கலாம் என்று இருந்தது. இப்போதைய வரம்பை ஆணைக்குழுவில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், போதைப்பொருள் தடுப்புச் சட்டம், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், ஊழல் தடுப்புச் சட்டம் ஆகியவற்றில் வழக்கு உள்ளவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது. ஆனால் ஏழு நாள் விதி அவர்களுக்கும் உண்டு.